ஏழு நாற்காலிப் பஞ்சு

சீனித்தாய் தன் ஐம்பத்திரண்டாவது வயதில் பெரிய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கி, அதில் ஒற்றை ஆளாக ஏறி வடக்கே பனிமலை பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது, வேப்பங்கரிசல் முதலில் சிரித்தது, சிரித்து ஓய்ந்ததும் கோபப்பட்டது, கோபம் அடங்கியதும் கூட்டம் போட்டது. கூட்டம் போடுவதில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மழை பெய்தாலும் கூட்டம், பெய்யாவிட்டாலும் கூட்டம், ரொம்ப நாளாகக் கூட்டமே போடவில்லையே என்று கேட்பதற்கும் ஒரு கூட்டம். அதற்கென்றே ஊர்ச் சங்கத்துக் கட்டிடத்தில் ஏழு நாற்காலிகள் இருந்தன, அந்த ஏழு நாற்காலிகளில் இருபத்திரண்டு வருஷமாக அதே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், யார் வீட்டுப் பெண் எந்தக் காலேஜில் சேரலாம், எந்த வீட்டு விசேஷத்துக்கு யார் போகலாம், எது நடக்கலாம் எது கூடாது என்பதெல்லாம் அந்த ஏழு இருக்கைகளிலிருந்துதான் இறங்கி வரும்.

சீனித்தாய் சங்கத்து வளவில் பிறந்தவள். வளவு என்றால் ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக முப்பது வீடுகள், நடுவில் தண்ணீர்த் தொட்டி, முகப்பில் சங்கத்தின் பேர் எழுதிய சிமெண்டு வளைவு. வீடுகள் சங்கத்துக்குச் சொந்தம். அப்பா போன பிறகு ஒன்பதாம் நம்பர் வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நேரமில்லப்பா" என்று ஒரே பதில். அது பொய்யுமில்லை. பதினாறு வயதில் தீப்பெட்டி ஆபீஸ் பலகைமேல் உட்கார்ந்தவள், முப்பத்தைந்து வருஷம் தலை நிமிராமல் குச்சி அடுக்கி, பெட்டியில் குச்சி அடைத்து, பெட்டிமேல் லேபிள் ஒட்டி, மிஷின் வந்து வேலை போன அன்றைக்குத்தான் எழுந்தாள். லேபிளில் நீல வானமும் அதற்குக் கீழே ஒரு வெள்ளை மலையும் இருந்தன. "அப்படி ஒரு மலை நெசமாவே இருக்கா, இல்ல அச்சாபீஸ்காரன் முப்பத்தஞ்சு வருசமா நம்மள ஏமாத்திட்டானா, போய்ப் பாத்துருவோம்." அவ்வளவுதான் அவள் நியாயம்.

இதற்குத்தான் கூட்டம் போட்டார்கள்.

"பொம்பள, அதுவும் ஒத்தையில, அதுவும் இந்த வயசுல, மூவாயிரம் கிலோமீட்டரு" என்றார் தலைவர் கொண்டல்சாமி. நாற்காலியில் அவர் சாய்ந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம், சாய்ந்துகொண்டுதான் பேசினார். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? போகக்கூடாது."

மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு "கூடாது" போட்டார்கள்.

"அண்ணாச்சி, நான் கேக்க வரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள் சீனித்தாய்.

"அப்படியா சங்கதி? வடக்க போறேன்னு வளைவத் தாண்டி நீ வண்டியில போனா, திரும்பி வாரப்ப ஒம்போதாம் நம்பர்ல வேற பூட்டு தொங்கும். யோசிச்சுக்கோ."

அவள் யோசிக்கத்தான் செய்தாள். வேறு வீடு கிடையாது, போய் நிற்க ஒரு கூடப்பிறந்தது கிடையாது. மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் காலையில், போவதற்கு முன்னால் பழகிக்கொள்ள வேண்டுமே என்று வண்டியை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் போனாள். வீடு போய்விடுமே என்ற பயத்தைக் காட்டிலும் பெரிய தடை எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அது அவள் இடுப்பில் இருந்தது. எட்டயபுரம் தாண்டும்போதே முப்பத்தைந்து வருஷப் பலகை உள்ளேயிருந்து விழித்துக்கொண்டது. வண்டியின் பழைய சீட்டோ உட்கார்ந்தவரை முன்னால் பெட்ரோல் டாங்கின்மேல் தள்ளித் தள்ளி விடும் சீட்டு. கோயில் வாசலில் இறங்க முடியாமல் பூக்காரி ஒருத்தி தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தப் பூக்காரிக்கு முன்னால் வைத்து அவள் அழுதுவிட்டாள். சங்கம் கூடாது என்றால் திருப்பிச் சொல்ல வாய் இருக்கிறது. சொந்த உடம்பே கூடாது என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வேப்பங்கரிசல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மிக்கேல் சீட் கடை வைத்திருந்தான். ஆட்டோ சீட்டு, லாரி சீட்டு, சோபா, டாக்டர் படுக்க வைக்கும் பெஞ்சு, எதுவானாலும் பிரித்துக் கட்டித் தருவான். சீனித்தாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. ஒரு பலகையில் ஈர மணலைப் பரப்பி, மேலே சாக்கு விரித்து, "உக்காருங்க சீனியக்கா" என்றான். அவள் உட்கார்ந்து எழுந்த பிறகு சாக்கை எடுத்துவிட்டு, மணலில் விழுந்த இரண்டு குழிகளையும் விரலால் அளந்தான்.

"இந்த ரெண்டு எலும்புதான் உங்கள மலைக்குக் கொண்டுபோகணும். எல்லாரும் மெத்துன்னு வேணும்னுதான் கேப்பாக. மெத்துன்னு இருந்தா அம்பது கிலோமீட்டருக்குச் சொர்க்கம், அதுக்கப்புறம் பஞ்சு அமுங்கி அடித்தகரம் முட்டும். தூரம் போறவுகளுக்குக் கெட்டிப் பஞ்சு வேணும். பின்னால அகலம், முன்னால ஒடுக்கம், அப்பத்தான் கால் தரையில ஊனும். எலும்பு படுற எடத்துல தையலே வரக்கூடாது."

"கெட்டிப் பஞ்சுக்கு எங்க போவே?"

மிக்கேல் சிரித்தான். கடையின் மூலையில் சங்கத்து நாற்காலிகள் ஏழும் தோல் உரித்து நின்றன. சங்கத்துக்குப் பொன்விழா வருகிறது, மெரூன் வெல்வெட் போட்டு, புதுப் பஞ்சு வைத்துக் கொடு, பழசைத் தூரப் போட்டுவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மிக்கேல் எதையும் தூரப் போடுகிறவனில்லை. இருபத்திரண்டு வருஷம் ஏழு பெரிய மனிதர்கள் அசையாமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறுக்கிய பஞ்சு. எந்தக் கம்பெனியும் அப்படி ஒரு பஞ்சைச் செய்து தர முடியாது. ஏழையும் ஒரே அளவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி, மணலில் பார்த்த குழிக்குத் தக்கபடி செதுக்கி, மேலே கறுப்பு ரெக்சின் இழுத்துக் கட்டினான்.

அதிலே ஏறி சீனித்தாய் ராமேஸ்வரம் போனாள். போய், கடலைப் பார்த்து, ஒரு டீ குடித்து, அன்றைக்கே திரும்பினாள். உடம்பில் ஒரு இடத்தில் ஒரு சொட்டு வலி இல்லை. வளவுக்குள் நுழைந்தபோது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். தலைவர் பெண்டாட்டி ஆவுடைத்தாய் ஓடிவந்தாள்.

"ஏட்டி சீனி, எங்கேட்டி போயிருந்தே? காலையில எட்டு மணிக்கு இவுகளுக்குப் பிடிச்சுது. உக்கார முடியல, சாய முடியல. இடுப்பு கழண்டு விழுதுங்காக. ஏழு பேருக்கும் ஒரே நேரத்துல, ஒரே எடத்துல. பதினொண்ணரைக்குக் கொஞ்சம் ஓய்ஞ்சுது. பன்னெண்டுக்கு மறுபடியும்."

எட்டு மணிக்கு அவள் கிளம்பினாள். பதினொன்றரைக்கு டீ குடித்தாள். பன்னிரண்டுக்குத் திரும்ப வண்டியை எடுத்தாள். அதை அவள் சொன்னதும் அங்கே நின்ற எல்லாப் பெண்களும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஆவுடைத்தாய் மட்டும், சங்கத்துப் பழைய பஞ்சு போய்ச் சேர்ந்திருந்த அந்தக் கறுப்பு சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் தோள் குலுங்கியது. அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால், எனக்கென்ன தெரியும்?

ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு அது ஒரு அதிசயமாகவே இல்லை. மின்சாரம் எப்போது போகும் வரும் என்று ஊர் பழகிக்கொள்கிற மாதிரி இதையும் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் சங்கத்து ஆட்களுக்கென்று மார்பளவு உயரத்தில் ஒரு பலகை அடித்தார். முடிவெட்டும் கடையில் தலைவர் நின்றுகொண்டே முடிவெட்டிக்கொண்டார், வெட்டுகிறவர் ஸ்டூலில் ஏறிக்கொண்டார். கல்யாணப் பந்தியில் ஏழு பேருக்கும் இலை ஜன்னல் திண்டில் விரிக்கப்பட்டது. விசேஷம் வைத்திருந்தவர்கள் முதலில் ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு வந்தார்கள். "சீனியக்கா, வெள்ளிக்கிழமை எம் மகளுக்கு நிச்சயதார்த்தம், சங்கத்து ஆளுக வந்து உக்காந்து தட்டு மாத்தணும், அன்னைக்கு மட்டும் வண்டிய எடுத்துராதீக" என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டார்கள். அவளும் சரி என்பாள். பிராது உள்ளவர்கள் வேறு மாதிரி கேட்டார்கள். "அக்கா, ஞாயித்துக்கிழமை என் வழக்கு வருது, நாலு மணி நேரம் நிப்பாட்டி வச்சு அறுப்பாக, நீங்க சாத்தூர் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்களேன்." அவள் போய் வந்தாள். பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. அந்த ஊரில் அந்த மாசம் சொல்லப்பட்ட தீர்ப்புகள் எல்லாம் சின்னதாகவும் ஓரளவு ஒழுங்காகவும் இருந்தன.

ஏழு பேரும் சும்மா இருக்கவில்லை. மூட்டுவலித் தைலம், வென்னீர் ஒத்தடம், கோவில்பட்டி எலும்பு டாக்டர், மந்திரித்த கயிறு, எல்லாம் ஆயிற்று. சீட்டைக் கொடுத்துவிடு, நாங்களே நல்லதாக ஒன்று வெளியூரிலிருந்து வரவழைத்துத் தருகிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். "என் எலும்புக்குச் செஞ்சது, நான் ஏன் குடுக்கணும்?" என்று சொல்லி அனுப்பினாள்.

அப்படி இருக்கும்போதுதான் மருந்துக்கடை தெய்வநாயகம் ஒரு காரியம் செய்தார். ஏழு பேரில் அவர் ஒருவர். ஒரு நாள் மத்தியானம், அவள் மதுரைப் பக்கம் போயிருந்த நேரம், கல்லாவுக்குப் பின்னால் நின்று நின்று கால் கடுத்துப்போய், தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "சவத்த, போயிட்டுத்தான் வரட்டுமேப்பா, நாமளுந்தான் எங்க போனோம்" என்று தனக்குத்தானே சொன்னார். சொன்ன மாத்திரத்தில் இடுப்பு வலி பொசுக்கென்று போய்விட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருமங்கலம் தாண்டி வந்துகொண்டிருந்த சீனித்தாய்க்கு அதே நொடியில் இடது எலும்பில் ஒரு எறும்பு கடித்தது. வண்டியை நிறுத்திச் சீட்டைத் தட்டிப் பார்த்தாள். எறும்பு இல்லை. திரும்ப ஏறி உட்கார்ந்தாள், வலி இருந்தது, கொஞ்சூண்டு, ஆனால் இருந்தது. ஊருக்கு வந்து தெய்வநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏழில் ஒரு பங்கு திரும்பி வந்திருக்கிறது.

சங்கத்துக்கும் விளங்கிவிட்டது. "அவ்வளவுதானா, இதுக்கா இத்தன பாடு?" என்று மறுநாளே அவசரக் கூட்டம் போட்டு, செல்வி சீனித்தாய் அவர்கள் மோட்டார் வண்டியில் வடக்கே செல்வதற்கு இச்சங்கம் எவ்வித ஆட்சேபணையும் தெரிவிக்கவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, மினிட் நோட்டில் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு, அவளை வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, புது வெல்வெட்டில் பைய உட்கார்ந்து பார்த்தார்கள். ஆத்தாடி! ஆறு பேரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தார்கள். வாயால் சொன்னதும் கையால் எழுதினதும் அந்தப் பஞ்சிடம் செல்லுபடியாகவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவர்களைச் சுமந்த பஞ்சு, அவர்கள் எதை மனசோடு சொல்லுவார்கள் எதை ஒப்புக்குச் சொல்லுவார்கள் என்று அதற்குத் தெரியாதா? தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் மிக்கேல் வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, என்னால வந்த வினை. வேணும்னா அந்தப் பஞ்ச எடுத்துட்டு வேற வச்சுத் தரட்டுமா? மனசு ஒரு மாதிரியா இருக்கு. கொண்டல்சாமி அண்ணாச்சி குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாம நிக்காக."

சீனித்தாய்க்கும் பாவமாகத்தான் இருந்தது. கல்நெஞ்சுக்காரி இல்லை அவள். ஆனால் கோபமும் இருந்தது, அது பாவத்தைக் காட்டிலும் ரொம்ப நாள் மூத்த கோபம்.

"முப்பத்தஞ்சு வருசம் நான் பலகையில உக்காந்த வலி யாருக்குப் போச்சு மிக்கேலு? எனக்குள்ளேயேதான இருந்துச்சு. சங்கத்துல யாராவது ஒரு நாள், ஏ சீனி, இடுப்பு வலிக்கான்னு கேட்டாகளா? கொஞ்ச நாள் அவுகளும் வச்சுக்கிடட்டும். நெசமா மனசுல இருந்து, போகட்டும்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, அவுக பங்க நானே வாங்கிக்கிடுதேன். எனக்கு ஒண்ணும் வலி புதுசில்ல."

மிக்கேல் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினான். செயினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவள் புறப்படும் நாள் காலையில் வளவு வாசலை மறித்து மெரூன் வெல்வெட் நாற்காலிகள் ஆறு வரிசையாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் கொண்டல்சாமி, இரண்டு பக்கமும் மற்ற ஐந்து பேர். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி ஓடினால்தானே வலி? வண்டி நிற்கும்வரை அவர்கள் உட்காரலாம், அவர்கள் உட்காரும்வரை வண்டி நிற்கும். இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர்கள், இதில் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தார்கள்.

சீனித்தாய் பையைப் பின்னால் கட்டினாள். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினாள். ஹெல்மெட்டை மாட்டினாள். முப்பது வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

"வண்டிய உள்ள விடு சீனித்தாயி. எங்க மேல ஏத்திட்டுத்தான் போகணும்" என்றார் கொண்டல்சாமி.

"உங்க மேல ஏன் அண்ணாச்சி ஏத்தப்போறேன்? நீங்க உக்காந்திருங்க. நான் செத்த நேரம் தொட்டியச் சுத்திக்கிடுதேன்."

வளவுக்குள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு பாதை உண்டு. குழாய் பதிக்கத் தோண்டினதை மூடித் தரவேண்டும் என்று வளவுப் பெண்கள் ஆறு வருஷமாகச் சங்கத்தில் மனு கொடுத்துவந்த பாதை அது. மேடும் பள்ளமும் ஜல்லியும் உடைந்த சிமெண்டுமாகக் கிடந்தது. சீனித்தாய் அதிலே வண்டியை விட்டாள். முதல் சுற்றில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் இன்னும் மூன்று பேர் எழுந்து, வளைவுத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கொண்டல்சாமி மட்டும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்வை ஒழுக உட்கார்ந்திருந்தார். மூன்று, நாலு, ஐந்து. சீனித்தாய்க்கு வலித்தது ஏழில் ஒரு பங்குதான். ஆறாவது சுற்றில் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பெரிய பள்ளத்தில், தெரிந்தே, வேண்டுமென்றே, இரண்டு சக்கரத்தையும் இறக்கி ஏற்றினாள்.

கொண்டல்சாமி "எம்மா!" என்று எழுந்தார்.

அவர் எழுந்த நாற்காலியை முதலில் தூக்கியது ஆவுடைத்தாய்தான். பெருக்கும்போது பெஞ்சை ஓரமாக நகர்த்துகிற மாதிரி, புருஷன் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். ஆறு நாற்காலியும் ஆறு பெண்கள் கையில் ஓரமாகப் போயின. வாசல் திறந்து கிடந்தது.

"தாண்டிட்டா வீடு கெடையாது!" என்று கத்தினார் கொண்டல்சாமி. அவர் குரல் உடைந்திருந்தது. "இன்னைக்கே வேற பூட்டு!"

"போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. சாவியத் தொலைச்சுராம வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் வளைவைத் தாண்டினாள்.

அதற்கப்புறம் நாலுவழிச் சாலை. மதுரை, சேலம், பெங்களூர் என்று பலகைகள் வந்தன, பிறகு படிக்கத் தெரியாத எழுத்தில் பலகைகள் வந்தன, அவள் போய்க்கொண்டே இருந்தாள், பெட்ரோல் பங்க்கில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு எந்த ஊர் என்று கேட்க, வேப்பங்கரிசல் என்று அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். ஊரிலோ, ஆவுடைத்தாய் பள்ளிக்கூடத்து இந்தியா படம் ஒன்றை வாங்கிவந்து சங்கத்துச் சுவரிலேயே ஒட்டிவிட்டாளாம். காலையில் ஆறு வீட்டிலும் பெண்டாட்டிமார் புருஷனைக் கேட்பார்களாம், இன்னைக்கு வலி எப்படி என்று. லேசாக இருந்தால் நல்ல ரோடு, குத்திக் குத்தி எடுத்தால் மோசமான ரோடு, மத்தியானமே நின்றுவிட்டால் மழைக்கு ஒதுங்கியிருக்கிறாள். அதை வைத்து வளவுப் பெண்கள் படத்தில் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு போனார்கள். இதெல்லாம் ஆவுடைத்தாய் போனில் சொல்லித்தான் சீனித்தாய்க்குத் தெரியும்.

நாக்பூர் தாண்டி ஒரு காட்டுப் பாதையில் இரண்டாவது எறும்பு கடித்தது. யாரோ ஒருத்தர் மனசு இறங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் ஆவுடைத்தாய் யாரென்று சொன்னாள்: சங்கத்துச் செயலாளர். சீனித்தாய் ஒரு பெரிய அணைக்கட்டுக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்து, அவர் தன்னை மறந்து "அட" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு "அட" போதுமாக இருந்தது. ஆக்ராவில் ஒன்று, டெல்லி நெரிசலில் ஒன்று, அதற்கு மேலே கோதுமை வயல்களுக்கு நடுவில் இரண்டு. ஒவ்வொன்றும் வர வர அவள் இடுப்பு கனத்தது. மலை ஏறத் தொடங்கியபோது ஏழில் ஆறு பங்கு வலி அவளிடம் இருந்தது. அறுபது கிலோமீட்டருக்கு ஒருதரம் இறங்கி, நடந்து, குனிந்து நிமிர்ந்து ஏறினாள். மிக்கேல் சீட்டு மிக்கேல் சீட்டுதான். பஞ்சு அமுங்கவில்லை, எலும்பு தகரத்தில் முட்டவில்லை, திருச்செந்தூர் வலியில் பாதிகூட இல்லை. தாங்கக்கூடிய வலிதான். இன்னும் ஒருத்தர் பாக்கி. அந்த ஒருத்தர் மனசு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். இறங்காவிட்டால் போகட்டும், அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவேன் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். கேட்க அங்கே யாருமில்லை.

மேலே கடைசிக் கணவாய்க்கு முன்னால் மலை சரிந்து பாதையை மூடிவிட்டது. போன் எடுக்காத இடம். லாரிக்காரர்களும் ராணுவக்காரர்களும் போட்ட கூடாரத்தில் அவள் இரண்டு நாள் இருந்தாள், வண்டியைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பாதையைத் திறந்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுத்து, சேறும் கல்லுமான அந்தச் சரிவில் நாலு தடவை துள்ளியிருப்பாள். அப்போது வந்தது. எறும்பு இல்லை இது. வலது எலும்பில் இறங்கி, இடுப்பைச் சுற்றி, முதுகு வரைக்கும் ஏறி, மொத்தமாக வந்து உட்கார்ந்தது. ஏழு பங்கும் வந்துவிட்டது. "ஆத்தாடி, இவரா!" என்று கத்திவிட்டாள். வண்டியை நிறுத்தவில்லை. அந்த வலியோடேயே, ஒரு ஆள் பாக்கியில்லாத முழு வலியோடு, கணவாய் உச்சிக்கு ஏறி இறங்கி நின்றாள்.

மலை இருந்தது. லேபிளில் போட்டிருந்த நீலம் பொய், வானம் அதைவிடக் கறுத்திருந்தது. வெள்ளை மட்டும் உண்மை. பையிலிருந்து அவள் ஆபீஸ் தீப்பெட்டி ஒன்றை எடுத்து மலைக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அச்சாபீஸ்காரனை மன்னித்தாள்.

மத்தியானம் கீழே இறங்கி ஒரு டீக்கடைக்கு வந்ததும் போன் உயிர் பெற்று, பதினேழு தவறிய அழைப்புகளைக் காட்டியது. காட்டி முடிப்பதற்குள் மறுபடி அடித்தது. ஆவுடைத்தாய் நம்பர்.

"ஏ சீனி! இருக்கியாட்டி? உசுரோட இருக்கியா?"

"இருக்கேன் மைனி. இருக்கப்போய்த்தான பேசுதேன்."

"பாவி மக்கா! ரெண்டு நாளா இவுகளுக்கு வலியே இல்லட்டி. மொத நாள் நல்லாச் சாஞ்சு உக்காந்தாக. சாயங்காலம் எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சாக. என்ன வலிக்கவே மாட்டேங்கு, என்ன வலிக்கவே மாட்டேங்குன்னு படத்துக்கு முன்னாலயே நிக்காக. சோறு எறங்கல. இன்னைக்குப் பதினொரு மணிக்கு நாற்காலியில இருந்து துள்ளி எந்திரிச்சு, வலிக்குடோய், அவ கெளம்பிட்டா டோய்னு தெரு பூரா கேக்கக் கத்திட்டு, அப்படியே உக்காந்து அழுதாக. அழுகும்போதே போயிருச்சாம் வலி. இந்தா, அவுககிட்டயே குடுக்கேன்."

கொண்டல்சாமி தொண்டையைச் செருமினார்.

"ஒம்போதாம் நம்பர்ல போட்ட பூட்ட எடுத்துட்டேன்" என்றார்.

"போடச் சொல்லி நானா சொன்னேன் அண்ணாச்சி?"

"இல்ல." பிறகு, முப்பத்தைந்து வருஷத்தில் சங்கத்திலிருந்து ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வியை, பழக்கமில்லாத வாயால், திக்கித் திக்கி அவர் கேட்டார்.

"ஏ சீனித்தாயி... இடுப்பு வலிக்கா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நல்லா வலிக்கு அண்ணாச்சி. முழுசும் என்கிட்டதான் இருக்கு."

"அப்ப திரும்பிர வேண்டியதான? மலையத்தான் பாத்துட்டியே."

சீனித்தாய் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள். பாதை கடைக்கு முன்னாலேயே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வந்த வழி.

"இதுக்குப் பின்னால இன்னொரு மலை இருக்காம் அண்ணாச்சி. இத விடப் பெருசாம்" என்றாள். "மைனிகிட்டச் சொல்லி, குங்குமம் தீந்துராம பாத்துக்கிடச் சொல்லுங்க."

போனை உள்ளே வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வலிக்க வலிக்க ஏறி உட்கார்ந்தாள்.